தேரையின் கண்ணும் கால்வாய் நீரும்

எங்கள் வீடு பத்து பெரண்டாமில் இருக்கிறது. மலாக்கா மாநிலத்தின் விமான நிலையம் இருக்கும் ஊர் என்றால் பலருக்கும் விளங்கும். ஒரு பக்கம் விமான ஓடுபாதை; மற்றொரு பக்கம் கணினிச் சில்லுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் கொண்ட தொழில் வட்டாரம். எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சிமெண்டுக் கால்வாய். இந்தக் கட்டுரை அந்தக் கால்வாயின் ஓரத்தில் பிறந்தது.

மாலையில் பெய்த மழை ஓய்ந்ததும் வீட்டு முகப்பு விளக்கைத் தேடி ஈசல் படையெடுக்கும். சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு தேரை வந்து விளக்கின் கீழ் உட்கார்ந்து கொள்ளும். இறகு உதிர்ந்து தரையில் ஊர்ந்து போகும் ஈசல்களை அது ஒவ்வொன்றாக நாக்கால் சுருட்டி விழுங்குவதைச் சிறுவயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால், அதன் மூக்குக்கு நேராகச் செத்துக் கிடக்கும் ஈசலை அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒருநாள் பாட்டியிடம் காரணம் கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை இருட்டில் மரம் வெட்டப் போய்ப் பழகிய பாட்டிக்குத் தேரைகளை நன்றாகத் தெரியும்.

"செத்தத தேரை தொடாதுய்யா. அசைஞ்சாதான் அதுக்குத் தீனி" என்றார்.

தமிழ்ப்பள்ளியில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைப் படித்தோம். முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று படம் வரைந்து வண்ணமும் தீட்டினோம். பாட்டி சொன்ன அந்த ஒரு வரி எந்தப் பாடநூலிலும் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் இறுதியாண்டு ஆய்வில் நான் ஒரு தவறு செய்தபோதுதான் அந்த வரியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. தேரையின் கண்ணுக்கும் என் கணினிக் கணக்குக்கும் என்ன தொடர்பு? அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தவளையின் கண் மூளைக்கு என்ன சொல்கிறது?

கண் என்பது ஒரு புகைப்படக் கருவி. அது எடுக்கும் படத்தை அப்படியே மூளைக்கு அனுப்புகிறது. மூளை அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தை உடைத்தெறிந்த உயிரினங்களுள் தவளைக்குத் தனி இடமுண்டு.

1953-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஹோரஸ் பார்லோ என்பவர் தவளையின் விழித்திரையை ஆராய்ந்தார். சில நரம்பணுக்கள் ஈயின் அளவுள்ள சிறு பொருளுக்கு மிக நன்றாகத் துடிக்கின்றன என்றும், பொருள் அந்த அளவை மீறிப் பெரிதானால் துடிப்பு அடங்குகிறது என்றும் அவர் கண்டார்.

அதன்பின் 1959-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் கூடி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ஜெரோம் லெட்வின், சிலி நாட்டைச் சேர்ந்த உம்பர்ட்டோ மாத்துரானா, வாரன் மெக்கலக், வால்டர் பிட்ஸ் ஆகியோரே அந்நால்வர். அவர்கள் சிறுத்தைத் தவளையின் பார்வை நரம்பில் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, தவளையின் கண்முன் ஓர் அரைக்கோள அலுமினியத் திரையை நிறுத்தினர். அத்திரையின் உட்புறத்தில் சிறு பொருள்களை ஒட்டி, வெளிப்புறமிருந்து காந்தத்தால் நகர்த்தினர். எந்தப் பொருளுக்கு எந்த நரம்பிழை துடிக்கிறது என்பதைக் காதால் கேட்டும் கருவியில் பதிந்தும் கண்டறிந்தனர்.

தவளையின் கண்ணிலிருந்து மூளைக்கு நான்கு வகைச் செய்திகள் செல்வதாக அவர்கள் கண்டனர். முதலாவது, பார்வைப் பகுதிக்குள் ஒரு கூர்மையான விளிம்பு வந்து நின்றிருக்கிறது என்ற செய்தி. இரண்டாவது, வளைந்த விளிம்புடைய சிறிய கரும்பொருள் ஒன்று நகர்கிறது என்ற செய்தி. மூன்றாவது, ஒரு விளிம்பு நகர்கிறது என்ற செய்தி. நான்காவது, வெளிச்சம் திடீரென மங்குகிறது என்ற செய்தி. இரண்டாவது செய்தி தவளைக்கு உணவைக் காட்டுகிறது. நான்காவது, மேலே கவியும் பருந்தின் நிழலைக் காட்டுகிறது எனலாம்.

அவர்கள் செய்த ஒரு சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. தவளை வாழும் இடத்தின் வண்ணப் படம் ஒன்றைத் தவளையின் கண்முன் நகர்த்தினார்கள். புல், பூ எல்லாம் அதில் இருந்தன. இரண்டாம் வகை நரம்பிழையில் சிறு துடிப்பும் இல்லை. பின்னர் அந்தப் படத்தின்மேல் ஈயளவு பொருள் ஒன்றை வைத்து அதை மட்டும் நகர்த்தினார்கள். உடனே நரம்பிழை துடித்தது. அதே பொருளைப் படத்தோடு சேர்த்து நகர்த்தியபோது மீண்டும் அமைதி. பின்னணியை விட்டுப் பிரிந்து தனியே நகர்வது எதுவோ அதற்கு மட்டுமே அந்த இழை பதில் சொன்னது.

இங்கே சில எண்களைக் கவனிப்போம். தவளையின் ஒரு கண்ணில் ஒளியை உணரும் அணுக்கள் சுமார் 10 லட்சம். அவற்றை இணைக்கும் இடைநிலை நரம்பணுக்கள் 25 முதல் 35 லட்சம். ஆனால், மூளைக்குச் செய்தி அனுப்பும் அணுக்களோ சுமார் 5 லட்சம் மட்டுமே. வாங்குவது அதிகம், அனுப்புவது குறைவு. இடையில் பெரும் சலிப்பு நடக்கிறது. மாவு சலிப்பதுபோலக் கண்ணே உலகத்தைச் சலித்து, தேவையானதை மட்டும் மூளைக்குத் தருகிறது.

அசையாத பொருள் ஏன் விழுந்து போகிறது? நம் கண்கள் ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போதும் நாம் அறியாமலேயே நுண்ணிய அசைவுகளைச் செய்துகொண்டே இருக்கின்றன. அதனால் அசையாத பொருளின் பிம்பமும் நம் விழித்திரையில் ஓயாமல் இடம் மாறுகிறது. தவளையின் கண்கள் அவ்வாறு தேடி அலைவதில்லை. தவளை உட்கார்ந்துவிட்டால் உலகமும் அதனோடு உட்கார்ந்துவிடுகிறது. சுற்றிலும் உணவு குவிந்திருந்தாலும் அது அசையாவிட்டால் தவளை பட்டினியால் சாகும் என்ற கருத்தை அந்நால்வரும் தங்கள் கட்டுரையில் பதிவு செய்தனர். பாட்டி சொன்னதும் அதுதான்.

புழுவும் புழு அல்லாததும்

சலிப்பது கண்ணோடு முடிந்துவிடுவதில்லை. தேரைகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் யோர்க் பீட்டர் ஏவர்ட் அதைக் காட்டினார். அவர் தேரையின் முன்னால் சிறு கறுப்பு அட்டைப் பட்டையை நகர்த்தினார். பட்டை தன் நீளவாட்டில், புழு ஊர்வதுபோல் நகர்ந்தால் தேரை திரும்பி அதைப் பிடிக்கப் பாய்ந்தது. அதே பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதே வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்தியபோது தேரை அதைப் பொருட்படுத்தவில்லை. பட்டை ஒன்றே, நிறம் ஒன்றே, வேகமும் ஒன்றே. நீளம் எத்திசையில் இருக்கிறது, நகர்வு எத்திசையில் இருக்கிறது என்ற உறவு மட்டுமே மாறியது. அந்த உறவே 'புழு' எது, 'புழு அல்லாதது' எது என்பதைத் தீர்மானித்தது.

இந்த வேறுபாட்டை அறியும் நரம்பணுக்கள் தேரையின் நடுமூளையில் இருப்பதை ஏவர்ட் கண்டறிந்தார். அதற்கு முன்னால் உள்ள மற்றொரு மூளைப் பகுதி இந்த நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கும் பகுதியை நீக்கிவிட்டால் தேரை அசையும் எதையும், தன்னைவிடப் பெரிய பொருளையும்கூட, இரையாகக் கருதிப் பாய்கிறது. 'இது இரை' என்று அறிவதற்கு 'இது இரையன்று' என்று விலக்கும் ஆற்றலும் வேண்டும் என்பதை இதன்வழி அறிகிறோம்.

இந்த ஆய்வுகள் உயிரியலோடு நின்றுவிடவில்லை. முன்பு கூறிய நால்வருள் மெக்கலக்கும் பிட்ஸும் 1943-ஆம் ஆண்டிலேயே நரம்பணுவைக் கணித வடிவில் எழுதிக் காட்டியவர்கள். இன்றைய செயற்கை நரம்பு வலைகளுக்கு அதுவே வித்து. 1970-களிலிருந்து மைக்கேல் ஆர்பிப் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் தவளையின் பார்வையையும் பாய்ச்சலையும் கணினிக்குள்ளேயே கட்டி எழுப்ப முயன்றனர். உண்மையில் நடப்பதுபோலவே கணினிக்குள் நடத்திப் பார்க்கும் இந்த முறையைக் கணினிப் பாவனை என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். தவளையைப் பாவனை செய்தவர்கள் ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். கோடிக்கணக்கான விவரங்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? நீரோட்டத்தைப் பாவனை செய்பவர்களுக்கும் இதே கேள்விதான். இப்போது கால்வாய்க்கு வருவோம்.

கால்வாயில் ஒரு கணக்கு

மழை பெய்து ஓய்ந்த பின் கால்வாயைப் பாருங்கள். நீர் நேர்கோட்டில் போவதில்லை. பெரிய சுழல், அதன் விளிம்பில் சிறு சுழல்கள், அவற்றுக்குள் இன்னும் சிறிய நெளிவுகள். இதைத்தான் கொந்தளிப்பு ஓட்டம் என்கிறோம். கடலுக்கு நம் முன்னோர் வழங்கிய சொல் இங்கே அறிவியல் சொல்லாகப் பொருந்துகிறது. குழாயை மெல்லத் திறந்தால் கண்ணாடிக் கம்பிபோல் விழும் நீர், சீரோட்டத்திற்கு எடுத்துக்காட்டு. குழாயை முழுமையாகத் திறந்தால் அதுவே கொந்தளிப்பாக மாறுகிறது.

1883-ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ஓஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயத்தைக் கலந்து இந்த மாற்றத்தை ஆராய்ந்தார். வேகத்தையும் அகலத்தையும் பெருக்கி, திரவத்தின் பிசுக்குமையால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. குழாயில் இந்த ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2,000-ஐத் தாண்டினால் கொந்தளிப்பு தலைகாட்டத் தொடங்கும்.

எங்கள் கால்வாயில் நீரின் ஆழம் 30 செண்டிமீட்டர், வேகம் வினாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ரெனால்ட்ஸ் எண் சுமார் 1,50,000 வருகிறது. கொந்தளிப்புக்குக் கேட்க வேண்டியதே இல்லை.

ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகள் நமக்குத் தெரியும். நாவியே 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் அவற்றை வகுத்துத் தந்தனர். அப்படியானால் சமன்பாட்டைக் கணினியிடம் கொடுத்துத் தீர்த்துவிட்டால் போதாதா? சிக்கல் அளவில் இருக்கிறது. பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்களாகிறது. சிறு சுழல் உடைந்து மேலும் சிறியதாகிறது. இறுதியில் பிசுக்குமை அந்த அசைவை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. இந்தச் சங்கிலியை 1920-களில் இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் எடுத்துரைத்தார். கடைசிக் கண்ணியான மிகச் சிறிய சுழலின் அளவை எப்படிக் கணிப்பது என்று 1941-இல் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மொகோரோவ் காட்டினார்.

இத்துறையில் ஒரு தமிழரின் பெயரும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரை விண்மீன்களின் அறிஞராகவே நாம் அறிவோம். அவர் 1949-இல் ஹைசன்பெர்க்கின் கொந்தளிப்புக் கோட்பாட்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியவர். விண்மீனுக்குள் கொதிக்கும் வளியும் எங்கள் கால்வாய் நீரும் ஒரே புதிரின் இரு முகங்கள் என்பதால் அவர் அதில் ஈடுபட்டார்.

கோல்மொகோரோவ் காட்டிய வழியில் கணக்கிட்டால் எங்கள் கால்வாயில் மிகச் சிறிய சுழல் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால் நீரை அவ்வளவு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் கணக்குப் போட வேண்டும். ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கு உயர்ந்தால் கட்டங்களின் எண்ணிக்கை சுமார் 178 மடங்கு உயரும். எங்கள் கால்வாயில், ஆழமளவுக்கு நீள அகலமுள்ள ஒரு துண்டு நீருக்கு மட்டும் இது ஏறத்தாழ 44,000 கோடி கட்டங்கள். ஓடுபாதையிலிருந்து எழும் சிறிய பயிற்சி விமானத்தின் இறக்கைக்கு ரெனால்ட்ஸ் எண் சுமார் 50 லட்சம். கட்டங்கள் 12 கோடி கோடி!

கணினிகள் வளரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வளர்ந்துதான் இருக்கின்றன. 1987-இல் ஜான் கிம், பர்விஸ் மொயின், ராபர்ட் மோசர் ஆகிய மூவரும் இரு தட்டையான சுவர்களுக்கு இடையிலான ஓட்டத்தைச் சுமார் 40 லட்சம் கட்டங்களில் எதையும் கழிக்காமல் கணக்கிட்டுச் சாதனை படைத்தனர். 2002-இல் ஜப்பானின் 'பூமிப் பாவனைக் கணினி' 6,800 கோடிக்கும் மேற்பட்ட கட்டங்களைக் கையாண்டது. அண்மையில் அமெரிக்காவின் ஃபிராண்டியர் கணினி சுமார் 35 லட்சம் கோடி கட்டங்களை எட்டியது. அப்படியிருந்தும், அந்தச் சிறு விமான இறக்கைக்கு நாம் போட்ட கணக்கு இதைவிட முப்பது மடங்கு பெரியது. அதுவும் எங்கும் ஒரே சீராக உள்ள, சுவரே இல்லாத, கற்பனைப் பெட்டிக்குள் நடக்கும் கொந்தளிப்புக்குத்தான் ஃபிராண்டியரின் எண் பொருந்தும்.

எதைக் கழிப்பது?

ஆகவே கழித்துத்தான் ஆக வேண்டும். பொறியியலாளர்கள் இரு வழிகளைக் கையாளுகின்றனர்.

முதல் வழி, பெரிய சுழல்களை முழுமையாகக் கணக்கிட்டு, கட்டத்தைவிடச் சிறிய சுழல்களை மட்டும் ஒரு சூத்திரத்தால் ஈடுகட்டுவது. வானிலை அறிஞர் ஜோசஃப் ஸ்மகோரின்ஸ்கி 1963-இல் இதற்கான சூத்திரத்தைத் தந்தார். 1970-இல் ஜேம்ஸ் டியர்டார்ஃப் 6,720 கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு சுவர்களுக்கு இடையிலான ஓட்டத்தை இம்முறையில் கணக்கிட்டார். இன்றைய மடிக்கணினிக்கு அது விளையாட்டு; அன்று அது பெரும் துணிச்சல்.

இரண்டாம் வழி, எல்லாச் சுழல்களையும் கழித்துவிட்டுச் சராசரி ஓட்டத்தை மட்டும் கணக்கிடுவது. சுழல்களின் விளைவை, நீர் கூடுதலாகப் பிசுபிசுப்பது போன்ற ஒரு சூத்திரம் ஈடுகட்டும். 1970-களின் தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் லாண்டர், பிரையன் ஸ்பால்டிங் முதலியோர் வளர்த்தெடுத்த 'கே-எப்சிலான்' முறை இவ்வகையைச் சேர்ந்தது. விரைவானது, எளிதானது, உலகெங்கும் பயன்படுவது. ஓட்டக் கணக்கைக் கற்கத் தொடங்கும் மாணவர்களில் பலர் முதலில் கைவைப்பது இதில்தான்.

இவ்விடத்தில் தேரையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதன் கண்ணும் இதையேதான் செய்கிறது. முழு உலகத்தையும் ஏந்த முடியாததால், வாழ்வதற்குத் தேவையானதை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்கிறது. அது குறைபாடன்று, அந்தச் சலிப்பு இல்லாவிட்டால் புல்லின் ஒவ்வோர் அசைவிலும் தேரை திகைத்துப் பட்டினி கிடந்திருக்கும். ஆனால், எந்தச் சல்லடையிலும் விழுந்துபோவது ஒன்று உண்டு. தேரையின் சல்லடையில் செத்த ஈசல் விழுந்தது. என் சல்லடையில் விழுந்தது எது?

என் கணினி காணாத சுழல்

எங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாய் ஓரிடத்தில் குறுகலாக வந்து, பிறகு ஒரு பக்கச் சுவர் மட்டும் மெல்ல விலகிச் செல்ல, அகன்று போகிறது. அந்த இடத்தையே என் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அளவெடுத்து, கணினியில் வரைந்து, கே-எப்சிலான் முறையில் கணக்கை ஓட்டினேன். வண்ண வண்ணமாகப் படம் வந்தது. நீர் விலகும் சுவரை ஒட்டியே அழகாக விரிந்து போனது. பிசிறில்லாத படம். எனக்கு ஒரே மகிழ்ச்சி. விடுமுறையில் வீட்டிற்கு வந்தபோது மடிக்கணினியைத் திறந்து பாட்டியிடம் காட்டினேன்.

பாட்டி படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுவாய்யா நம்ம கால்வாய்?"

"ஆமா பாட்டி."

"அப்ப அந்தச் சொவத்தோரம் குப்பை ஏன்யா சேருது? மழை பேஞ்சா எலை அங்க மேப்பக்கமா திரும்பி வருமே. நான் அங்கதான வாரி அள்ளுறேன்."

மறுநாள் மழைக்குப் பின் போய் நின்றேன். இலைகளைக் கிள்ளிப் போட்டேன். நடுவில் போட்ட இலை ஓடியது. விலகும் சுவரோரம் போட்ட இலை சற்றுத் தூரம் போய், நின்று, திரும்பி என்னை நோக்கியே வந்தது. நீர் சுவரை விட்டுப் பிரிந்து, அங்கே ஒரு பெரிய சுழல் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. என் படத்தில் அந்தச் சுழலே இல்லை. ஆண்டுக்கணக்கில் பாட்டி குப்பை வாரிய இடம், என் கணினிக்குத் தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். இது நான் மட்டும் விழுந்த குழியன்று. 1993-இல் ஜப்பானில் ஷின்னொசுகே ஓபியும் அவர் குழுவினரும், ஒரு சுவர் மட்டும் 10 பாகை சாய்ந்து விரியும் பாதையில் காற்றைச் செலுத்தி அளந்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் அதே சோதனை பின்னர் கவனமாகத் திரும்பச் செய்யப்பட்டது. சாய்ந்த சுவரை விட்டுக் காற்று பிரிந்து பின்னோக்கிச் சுழல்வதை இரு சோதனைகளும் காட்டின. வழக்கமான கே-எப்சிலான் கணக்கோ அந்தப் பிரிவைப் பிடிக்கத் தவறியது.

காரணம் இதுதான். பாதை அகலும்போது ஓட்டம் வேகம் குறைகிறது, அழுத்தம் உயர்கிறது. சுவரோரம் தளர்ந்து ஓடும் நீர் அந்த அழுத்தத்தை எதிர்த்து முன்னேற முடியாமல் நின்று திரும்புகிறது. கே-எப்சிலான் முறை அவ்விடத்தில் சுழல்களின் இழுவிசையை அளவுக்கு மீறி மதிப்பிடுகிறது. நடுவில் ஓடும் வேகமான நீர் சுவரோர நீரைக் கைப்பிடித்து இழுத்துச் சென்றுவிடுவதாக அது நினைத்துக்கொள்கிறது. 1994-இல் ஃபுளோரியான் மென்டர் என்பவர் அந்த இழுவிசைக்கு ஒரு வரம்பு கட்டிப் புதிய முறையைத் தந்தார். அம்முறையில் என் கணக்கை மறுபடி ஓட்டினேன். சுவரோரம் பின்னோக்கிச் சுழலும் நீர் திரையில் தோன்றியது. அதன் நீளம் இலைகள் காட்டிய நீளத்தோடு முழுமையாக ஒத்துப்போகவில்லை. ஆயினும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

ஒரு கால்வாய்ச் சுழலுக்கு இவ்வளவு பேச்சா என்று எண்ண வேண்டாம். விமான இறக்கையை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் அதன் மேற்புறத்தில் காற்று பிரிகிறது; விமானம் தாங்குவிசையை இழக்கிறது. அங்கும் இதே பிரிவுதான். அது எந்தக் கோணத்தில் நிகழும் என்பதைக் கணக்கு காணத் தவறினால் விலை உயிராகிவிடும். அதனால்தான் விமானங்களைக் கணினியை மட்டும் நம்பிப் பறக்கவிடுவதில்லை. காற்றுச் சுரங்கத்திலும் வானத்திலும் சோதித்த பின்னரே சான்றிதழ் தருகிறார்கள். தரையிலும் அப்படித்தான். சுழலும் இடத்தில் மண்ணும் குப்பையும் தேங்கும்; தேங்கினால் பாதை குறுகும்; பெருமழையில் நீர் தெருவுக்கு ஏறும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளம் மலாக்காவையும் விட்டுவைக்கவில்லை. கால்வாய் வரைபவர் காணாத சுழலை, கரையில் குடியிருப்பவர் வீட்டுக்குள் காண நேரிடும்.

தவளைக் கண்ணால் ஓட்டத்தைப் பார்த்தல்

இவ்விரு துறைகளும் இன்று ஒரே மேசையில் சந்தித்திருக்கின்றன என்பது பலருக்கும் வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் விழித்திரையைப்போல் இயங்கும் சிலிக்கான் சில்லை உருவாக்கி 1991-இல் அதைப் பொதுமக்களுக்கு விளக்கி எழுதினர். அந்த வழியில் 2008-இல் சூரிக் நகர ஆய்வாளர்கள் புதுவகைப் புகைப்படக் கருவியை வெளியிட்டனர். இது முழுப் படம் எடுப்பதில்லை. ஒளி மாறும் புள்ளி மட்டும், மாறும் கணத்தில், செய்தி அனுப்பும். மாறாத புள்ளிகள் வாய் திறப்பதில்லை.

2022-இல் ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் வில்லர்ட்டும் ஜோவாகிம் கிளின்னரும் இத்தகைய கருவியைக் கொண்டு, ஓட்டத்தில் கலந்த நுண்துகள்களின் அசைவைப் பின்தொடர்ந்து வேகத்தை அளந்து காட்டினர். அசைவதை மட்டும் காணும் கண், அசைவதை அளப்பதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆனால், இந்தக் கருவிக்கும் தேரையின் குறை உண்டு. நிலையான ஒளியில், அசையாமல் ஒட்டிக்கொண்ட துகளை இதுவும் காணாது.

முடிவுரை

தேரையின் சல்லடையைக் காலம் பல கோடி ஆண்டுகளாகச் சோதித்து வந்திருக்கிறது. தவறாகச் சலித்த தேரை பட்டினியால் மறைந்தது. சரியாகச் சலித்தது நம் முகப்பு விளக்கின் கீழ் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் சல்லடைகளுக்கு அப்படிப்பட்ட நீண்ட சோதனை இல்லை. நாமே தேர்ந்தெடுத்து, நாமே ஓட்டி, வண்ணப் படத்தைக் கண்டு நாமே மகிழ்கிறோம். ஆனால், தேரைக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. எதைக் கழித்தோம் என்று நம்மால் எழுதி வைக்க முடியும்; கழித்தது அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவும் முடியும்.

உலகம் அறியாதவரைக் கிணற்றுத் தவளை என்கிறோம். தவளைக்கு அது பெரிய குற்றமில்லை. கிணற்றுக்குள் வாழத் தேவையானதை அது நன்றாகவே காண்கிறது. நாமும் ஒவ்வொரு கணக்கையும் ஒரு கிணற்றுக்குள் இருந்துதான் போடுகிறோம். கிணறு எவ்வளவு அகலம் என்பதை மறந்துவிடுவதே குற்றம். எந்தத் துறையில் பயிலும் நண்பரானாலும், உங்கள் கணக்கு எதைக் கழித்தது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு கையில் நான்கு இலைகளோடு கால்வாய்க்குப் போங்கள்.

என் ஆய்வறிக்கையில் இப்போது இரண்டு படங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பிழையானது, மற்றது திருத்தியது. பிழையான படத்தை நீக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் கீழே, இந்தப் பிழையை முதலில் கண்டவர் அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்பவர் என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன்.